பள்ளத்துக்குள் சுற்றும் சக்கரம்

மனிசாலெஸ் ஊருக்கு மேலே, மலைப்பாதையின் கடைசி வளைவில், சைக்கிள்களைப் போட்டுவிட்டு நிற்கிறோம் சைக்கிள் கடைக்காரி நூபியாவும் நானும். மூன்று மாகாணத்துக்குத் தெரியும் என் தொப்பை, இந்தப் பனிமூட்டத்தில் எனக்கே தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் போன என் சிநேகிதன் எலியேசர் வளைவில் திரும்பாமல் நேரே பள்ளத்துக்குள் போய்விட்டான். கீழிருந்து வருவது அவனுடைய பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும் சத்தம் மட்டும்: டிக்டிக்டிக்டிக். "டேய் எலியேசர், நடிக்காதடா! உன் பங்கு வெல்லத்தண்ணியையும் நானே குடிச்சிடுவேன்!" என்று கத்துகிறேன். நாற்பது வருடத்தில் என் வசவு ஒன்றுக்குக்கூட அவன் இரண்டாய்த் திருப்பித் தராமல் இருந்ததில்லை. "காலையிலதான் பேரிங்குக்கு கிரீஸ் வச்சேன், பெருசு. யாரும் தொடாமலே சுத்திக்கிட்டிருக்கும்," என்கிறாள் நூபியா, என்னைப் பார்க்காமல். சத்தம் மெலிகிறது. டிக். டிக். நின்றுவிடுகிறது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்கிறது. நூபியா விளிம்பில் குப்புறப் படுத்துக்கொள்கிறாள். "மாமா! பேச முடியலைன்னா சக்கரத்தையாவது சுத்து!" காத்திருக்கிறோம். கரடியோடு மல்லுக்கட்டியதாக ஊரெல்லாம் அளந்துவிட்ட எனக்கு மூச்சுவிடப் பயமாக இருக்கிறது. டிக். பிறகு இன்னொன்று. நூபியா தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, வேர்களைப் பிடித்துப் பனிக்குள் சறுக்கி இறங்குகிறாள். "நிறுத்தாதடா, கேக்குதுடா!" என்று ஒவ்வொரு டிக்குக்கும் நான் கத்துகிறேன். ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போகிறது.