கயிறு மச்சினன் கையில்

“எவ்வளவு பெரிய தப்பு பண்ணிட்டீங்க தெரியுமா மாமா?”

கீழேயிருந்து வந்த குரலைக் கேட்டதும் போர்டுக்காரர் டிரில்லிங் மெஷினை நிறுத்தினார். மருந்துக்கடைக்குப் புது போர்டு மாட்டுவதற்காக இருபத்திரண்டு அடி உயரத்தில், ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். கடை இன்னும் திறக்கவில்லை. தெருவில் ஈ காக்காய் இல்லை. கீழே மச்சினன் மட்டும்தான். பெண்டாட்டியின் ஒரே தம்பி.

“எ... என்ன தப்பு மாப்ளே?”

“இப்ப அதைப் பேச வேணாம். மெஷினை அப்படியே சன்ஷேடு மேல வச்சிட்டு, மெதுவா இறங்குங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். ஆறு வருஷமாகக் கூடவே வேலை செய்கிறவன். ஒரு நாளும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

போர்டுக்காரருக்குச் சுருக்கென்றது. தெரிந்துவிட்டது! நேற்று சாயங்காலம், சட்டை காயவில்லை என்ற ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்தது இவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள்தான் தம்பிக்குப் போன் போட்டு அழுதிருப்பாள்.

மெல்ல எட்டிப் பார்த்தார். மச்சினன் பிடித்திருந்தது ஏணியை அல்ல, ஏணிக் கயிற்றை. இரண்டு கையிலும் சுற்றி இறுக்கிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நின்றான்.

அது இரட்டை ஏணி. கயிற்றை இழுத்தால் மேல்துண்டு சறுக்கி உயரும். வேண்டிய உயரத்தில் இரண்டு கொக்கிகளும் கீழ்த்துண்டின் படியில் உட்கார்ந்துகொள்ளும். மறுபடி ஒரு சுண்டு சுண்டினால் போதும், கொக்கி விடுபட்டு மேல்துண்டு சரசரவென்று இறங்கிவிடும். மேலே ஆள் நிற்கும்போது கயிற்றைத் தொடவே கூடாது என்று இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். மச்சினனுக்கு அதைச் சொன்னதே இவர்தான்.

“மாப்ளே, கயித்தை விட்டுடுப்பா.”

“விட மாட்டேன் மாமா.”

“டேய், என்னடா இது...”

“நீங்க இறங்குற வரைக்கும் விட மாட்டேன். ஆடாம, ஒவ்வொரு படியா வாங்க.”

போர்டுக்காரர் ஒரு படி இறங்கினார். ஏணி ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கத்தினாலும் ஓடி வர ஆளில்லை.

“நான் வேணும்னு பண்ணலை மாப்ளே.”

“யாரும் வேணும்னு பண்றதில்ல. ஆனா போறது உசிரு மாமா.”

“உசிரா? ஐயோ, அவ்வளவெல்லாம் இல்லப்பா! ஒரே ஒரு அறைதான். சத்தியமா ஒண்ணே ஒண்ணு. ஏதோ ஆத்திரத்துல உங்கக்கா மேல கை நீண்டுடுச்சு.”

கயிறு ‘கிர்ர்’ என்று முறுக்கிக்கொண்டது.

“மாப்ளே... இருக்கியா?”

இப்போது மச்சினனின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“இறங்குங்க.”

“இனிமே கை நீட்டவே மாட்டேன். வீட்டுக்குப் போனதும் அவ கால்லயே விழுந்துடுறேன். என்னை மன்னிச்சிடுப்பா.”

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் பெண்டாட்டியிடம் ஒரு தடவைகூடச் சொல்லாத ‘மன்னிச்சிடு’, இப்போது படிக்கு ஒன்றாக உதிர்ந்தது. மனுஷன் விட்டால் அழுதேவிடுவார் போலிருந்தது.

“கீழ்த்துண்டுல கால் வைங்க. ரெண்டு காலும். கையையும் மாத்திக்கங்க.”

“மாத்திட்டேன்.”

“இறங்கித் தள்ளிப் போங்க. இன்னும் தள்ளி!”

போர்டுக்காரர் தரையில் கால் வைத்து, தடுமாறி நாலடி விலகினார். மச்சினன் கயிற்றை விட்டான். அடுத்த கணமே மேல்துண்டு ‘தடதட’வென்று சரிந்து வந்து தரையில் மோதியது. எதிர்ச் சுவர் வரை அந்தச் சத்தம் அதிர்ந்தது.

மச்சினன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

“ஒரு கொக்கி மாட்டவே இல்ல மாமா. இன்னொண்ணு நுனியில தொத்திக்கிட்டு இருந்துச்சு. காலையில ஏணியை ஏத்தினது நீங்கதானே? ரெண்டு பக்கமும் ‘டக்’னு விழுந்துச்சான்னு பார்க்கறதில்ல? கயித்தையும் படியோட சேர்த்துக் கட்டலை. மேல நிக்கும்போது என்னன்னு சொன்னா பதறிடுவீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். இவ்வளவு நேரமும் உங்க பாரம் என் கையிலதான் இருந்துச்சு.”

இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று போர்டுக்காரர் கூசிப்போனார்.

“என் உசிரைக் காப்பாத்திட்டியே மாப்ளே!” என்று அவன் கையைப் பிடிக்கப் போனார்.

மச்சினன் கையை இழுத்துக்கொண்டு, மெதுவாக எழுந்து நின்றான்.

“அது இருக்கட்டும் மாமா. அக்காவை அறைஞ்சேன்னு மேலேருந்து என்னமோ சொன்னீங்களே... அது எப்ப நடந்துச்சு?”