பதினோரு கையெழுத்து

"வேலை தெரியலைன்னா வீட்ல போய்ப் படு. உன்னை எவன்யா கிரேன்ல ஏத்தினது?"

இரும்பு யார்டே திரும்பிப் பார்த்தது. கத்தியது ஃபோர்மேன். தலை குனிந்து நின்றது கிரேன் டிரைவர். செய்த குற்றம், ஐந்து நிமிடத் தாமதம்.

அடுத்து சிக்னல்காரர். கீழே நின்று கை காட்டுவது அவர் வேலை. அந்தக் கையைப் பார்த்துத்தான் டிரைவர் பாரத்தை இறக்க வேண்டும். மனிதர் தாமதமாகக்கூட வரவில்லை. அவருக்கும் அதே அர்ச்சனை.

யாரென்று சொல்லாமல் ஓரமாக நின்றிருந்த விசாரணை அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் பையில் கிரேன் குழு பதினோரு பேரும் கையெழுத்திட்ட புகார் இருந்தது. கூடவே ஃபோர்மேனைக் கிடங்குக்கு மாற்றும் உத்தரவு. சம்பளமும் ஒரு படி இறங்கும். அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

பக்கத்து ஷெட்டில் இன்னொரு அதிர்ச்சி. வெல்டர்களிடம் அதே ஃபோர்மேன் பூனைக்குட்டி மாதிரி இருந்தார். எப்படிச் செய்தால் சரிவரும் என்று அவர்களையே கேட்டார். ஒருவர் எதிர்த்துப் பேசினார். அதற்கும் தலையாட்டினார்.

விசாரித்தாள். தங்கமான மனுஷர் என்றார்கள் வெல்டர்கள். கிரேன் ஆட்கள் சொன்னதை எழுத அவளுக்கே கூசியது.

ஃபோர்மேனை அறைக்குக் கூப்பிட்டாள்.

"அங்க குழையிறீங்க. இங்க குதறுறீங்க. ஆளுக்கு ஒரு முகமா?"

"அவங்களுக்கு அது போதும் மேடம். இவங்களுக்கு இதுதான் வேணும்."

மறுப்பார், மழுப்புவார் என்று நினைத்திருந்தாள். இந்தத் திமிரை எதிர்பார்க்கவில்லை. புகாரைத் தூக்கி மேஜையில் போட்டாள்.

ஃபோர்மேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார்.

"டிரைவர் எழுத்து. யாரு மேடம் கொண்டாந்து குடுத்தது?"

"அவரும் சிக்னல்காரரும்தான். ஒரே பைக்ல வந்தாங்க. அதுக்கென்ன இப்ப?"

"ஒரே பைக்லயா?"

கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"சிக்னல்காரன் கட்டியிருக்கிறது டிரைவர் தங்கச்சியை. ஏதோ குடும்பத் தகராறு. ரெண்டு வருஷமா பேச்சே கிடையாது. இவன் கை காட்டுவான், அவன் பார்க்க மாட்டான். போன வருஷம் ஒருத்தன் கால் மேல தூண் இறங்கிடுச்சு."

அந்த விபத்து ஃபைலை அவள் படித்திருந்தாள். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று மட்டும் இருந்தது.

"வெல்டர்கிட்டப் பேசுற மாதிரிதான் இவங்ககிட்டயும் பேசினேன். கெஞ்சினேன். மிச்ச ஒம்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துக்கிட்டாங்க. அடுத்து உயிர் போகும்னு தெரிஞ்சுது. எல்லாரும் சேர்ந்து வெறுக்க ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு மேடம்."

அவள் மாற்றல் உத்தரவை எடுத்துக் கிழிக்கப் போனாள்.

ஃபோர்மேன் சட்டென்று அவள் கையைத் தடுத்தார்.

"கையெழுத்துப் போடுங்க மேடம். அவங்க ஒண்ணா சேர்ந்து ஜெயிக்கிற முதல் காரியம் இது."