பிரின்டரின் பழைய எண்

புதுப்பட்டினம் ஸ்கேன் சென்டரில் பிரின்டர் படுத்துவிட்டது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய ஆம்புலன்ஸ், சதாசிவத்தின் ரிப்போர்ட்டுக்காக வாசலில் நின்றது.

"சாமண்ணே, அவருக்குத் தலைக்குள்ள ரத்தம் கசியுது. சீக்கிரம்," என்றாள் ஸ்கேன் எடுக்கும் ரூத்.

சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சாம் கொட்டாவியை அடக்கினான். ரிப்போர்ட்டுகளை பிரின்டருக்கு அனுப்பும் யூனிக்ஸ் சர்வர் 'அச்சாகிவிட்டது' என்றது. பிரின்டரிலிருந்து எதுவும் வரவில்லை. புது பிரின்டருக்குப் பழையதன் நெட்வொர்க் எண்ணையே கொடுத்து வேலையைச் சுருக்கிக்கொள்வது அவன் வழக்கம். பழையது எங்காவது உயிரோடிருந்தால் தகராறுதான், அச்சு அங்கே போய்விடும். புதியதன் கேபிளைப் பிடுங்கினான். அப்போதும் அந்த எண்ணிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது.

பழையதை வாங்கிப்போன காயலான் கடைக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான்.

"ஒயரே இல்லாம மூலையில கெடக்குது நைனா," என்றார் கடைக்காரர். செருப்புச் சத்தம் கேட்டது. "இன்னாது இது, ரெண்டு பேப்பர் வந்துகீது. இன்னும் சூடா கீது. ஒண்ணு சதாசிவம்."

"நான் ஒண்ணுதானே அனுப்பினேன்," என்றாள் ரூத்.

"இன்னொண்ணுலயும் அதே மாதிரி தலைப் படந்தான், அதே ரத்தக் கசிவுன்னு போட்டுகீது. சாம் இம்மானுவேல், வயசு முப்பத்தாறு. யாருப்பா அது?"

சாம் இதுவரை ஸ்கேன் எடுத்துக்கொண்டதில்லை. காலையிலிருந்து வலித்துக்கொண்டிருந்த நெற்றியைத் தேய்த்தான்.

"ரூத், ஆம்புலன்ஸ்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?"