நல்ல கொம்பனி எலும்பு

பல் வைத்தியர் எம்மா கதிரையைச் சாய்த்ததும் பரமநாதனின் நெற்றிச் சந்தனம் விளக்கில் பளிச்சென்றது.

முன்பற்கள் இரண்டும் விழுந்ததிலிருந்து, கோயில் தலைவரான அவர் "சிவசிவ" என்றால் காற்றுத்தான் வருகிறது.

எம்மா நோர்வேஜிய மொழியில் வழிகளைச் சொன்னாள். கழற்றிப் பூட்டுகிற பல். பக்கத்துப் பற்களை ராவிக் கட்டுகிற பல். அல்லது தாடையில் திருகும் டைட்டானியம் ஆணி. ஆணி என்றால், தேய்ந்துபோன தாடையை முதலில் எலும்புத் தூள் வைத்து வளர்க்கவேண்டும். இறுகும்வரை மாதக்கணக்கில் பொறுக்கவேண்டும்.

தூளிலும் இரண்டு வகை உண்டாம். ஒன்று செயற்கை. மற்றது ஸ்டூர்ஃபே.

தலைவராவது, செயற்கைக்கு இறங்குவதாவது.

"யா, யா, ஸ்டூர்ஃபே" என்றார்.

மூலையில் கைப்பையோடு இருந்த மனைவி சிவநாயகிக்கு விளக்கமும் கொடுத்தார். "ஸ்டூர் எண்டால் பெரிசு. பெரிய கொம்பனியாத்தான் இருக்கும்."

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்கே கோபித்துக்கொண்ட மனிதர்.

சிவநாயகிக்குத் தம்பி குகதாசனின் நினைவு வந்தது. நோர்வேயின் தேசிய நாளான மே பதினேழு ஊர்வலத்தில் யாரோ நீட்டிய இறைச்சிச் சொசேச்சைக் கடித்துவிட்டான். மரக்கறி என்றுதான் நினைத்தானாம். கோயில் சபையில் கும்பிட்டுச் சொல்லியும் பரமநாதன் மசியவில்லை. தெரிந்தென்ன, தெரியாமலென்ன, வாய்க்குள் போனது போனதுதான் என்று தீர்ப்புச் சொல்லி அவனை நிர்வாகத்திலிருந்து நீக்கினார்.

அதன் பிறகு அவன் கோயிலுக்கும் வரவில்லை, அக்கா வீட்டுக்கும் வரவில்லை.

எம்மாவுக்கும் சந்தனம் கண்ணில் பட்டிருக்கவேண்டும். சிவநாயகியிடம் திரும்பி, ஸ்டூர்ஃபே என்றால் என்னவென்று இவருக்கு விளங்கியதா, ஆட்சேபம் ஏதும் இல்லையா என்று கேட்டாள்.

சிவநாயகி எழுந்து கதிரையருகே வந்தாள். கணவரின் பக்கம் குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்தமுறை கோயில் கொடியேற்றத்துக்குத் தம்பியைக் கூப்பிடுவமே?"

பரமநாதன் திறந்த வாயை மூடவேயில்லை. அந்தக் கதையை எடுக்காதே என்று கையை மட்டும் விசுக்கினார்.

சிவநாயகி நிமிர்ந்தாள். எல்லாம் விளங்கியது, ஆட்சேபம் இல்லை என்று எம்மாவிடம் நல்ல நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

அவள் வேலை செய்யும் பாலர் பாடசாலைச் சமையலறைக்குக் கிழமைதோறும் ஸ்டூர்ஃபே என்று எழுதிய இறைச்சிப் பொதிகள் வரும். பிரித்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்குவது அவள்தான்.

எழுத்து விளங்காதவர்களுக்காக, சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டின் படமும் போட்டிருக்கும்.