முந்நூறு கஜம்

“இங்கிருந்து வேண்டாமுங்க. தூரம் அதிகம்” என்றாள் கண்ணாத்தாள்.

கரட்டின் உச்சியில், காய்ந்த புல்லுக்கு நடுவே புருஷனும் பெண்டாட்டியும் குப்புறப் படுத்திருந்தார்கள். எதிர்ச்சரிவில், சுனைக்கு மேலிருந்த தட்டைப் பாறையில் சிறுத்தை படுத்திருந்தது. பங்குனி வெயிலில் அதன் முதுகு மட்டும் தெரிந்தது.

“முந்நூறு கஜந்தான் புள்ள” என்றான் தீர்த்தகிரி. “போன வருசம் மாசி மாசம் இதே தூரத்துல பன்னி ஒரே குண்டுல உழுகலியா?”

“அன்னைக்குக் காத்து இல்லீங்க. இன்னைக்குப் பாருங்க, புல்லெல்லாம் சாயுது. ஒரு சாண் தள்ளிப் பட்டா வயித்துல படும். ஏதாச்சும் பொதர்ல போயி உழுந்து நாலு நாள் துடிக்கும்.”

தீர்த்தகிரி பாறைமேல் கிடந்த சிறுத்தையைப் பார்த்தான். அந்தச் சிறுத்தையின் முன்னங்காலை ஒடித்ததே அவன் குண்டுதான்.

மெசபடோமியாச் சண்டையிலிருந்து திரும்பியவன் அவன். பரமத்திக்கு வடக்கே ஏழெட்டு ஊருக்கு அவன் வீட்டில் மட்டும்தான் லைசென்ஸ் ரைபிள் இருந்தது. கடலைக்காட்டில் பன்னி இறங்கினாலும், பட்டியில் சிறுத்தை புகுந்தாலும் அவன் வீட்டு வாசலுக்குத்தான் ஆள் வரும். கண்ணாத்தாளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பதினோரு வருடத்தில் ஒரு மிருகமும் காயத்தோடு தப்பிப் போனதில்லை.

போன மாதம்தான் அது கெட்டது. சேலத்திலிருந்து காரில் மூன்று விருந்தாளிகள் வந்தார்கள். “ரொம்பத் தூரத்திலிருந்து சுடுவீராமே, எங்கே, காட்டும் பார்ப்போம்” என்றார்கள். கண்ணாத்தாள் தங்கையின் பிரசவத்துக்காக ஆட்டையாம்பட்டி போயிருந்தாள். முடியாது என்று சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சுட்டான். சிறுத்தை நொண்டிக்கொண்டு ஓடியது. விருந்தாளிகள் கைதட்டிவிட்டுக் கார் ஏறிப் போனார்கள்.

முயலைத் துரத்த முடியாத சிறுத்தை ஆட்டுப்பட்டிகளுக்கு வந்தது. நாலு நாளைக்கு முன், குறுக்கே வந்த மேய்ப்பன் மணியனின் கையைக் கிழித்துவிட்டது.

“பொண்டாட்டி பக்கத்துல இல்லாட்டி இவருக்குக் கை வராதுங்கோ” என்று ஊரில் சிரித்தார்கள். தீர்த்தகிரிக்குத்தான் சோறு இறங்கவில்லை.

“இப்பவே முடிச்சிரலாம் கண்ணாத்தா. எந்திரிச்சுப் போயி இன்னொருத்தனைக் கடிச்சுதுன்னா அந்தப் பாவம் என்னோடது” என்று கெஞ்சினான்.

“அரைகொறையாச் சுட்டா அது இன்னொரு பாவமுங்க. போச்சுன்னா நாளைக்கு வருவோம். வாங்க, கிட்டப் போலாம்.”

தவழ்ந்தார்கள். முள் முழங்கையைக் கிழித்தது. காற்று எதிரே வீசியதால் சிறுத்தைக்கு இவர்கள் வாடை எட்டவில்லை. ஒவ்வொரு கல் மறைவிலும் தீர்த்தகிரி தலையை உயர்த்தித் தூரத்தைக் கணித்தான். அதில் அவன் கண் தப்பாது.

“இருநூறு.”

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

“நூத்தியம்பது.”

“இன்னும் போவோமுங்க.”

படுத்த மாடு போலிருந்த ஒரு பாறைக்குப் பின்னால் வந்து நின்றபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இப்போது சிறுத்தை முழுசாகத் தெரிந்தது. வீங்கிப்போன காலை நக்கிக்கொண்டிருந்தது. விலா எலும்புகளை எண்ணலாம்.

“எப்படி எளச்சுப் போச்சு பாருங்க” என்றாள் கண்ணாத்தாள்.

“எல்லாம் என்ற தப்பு.”

“தப்புதானுங்க. அதைத் தீக்கத்தானே ரெண்டு பேரும் வந்திருக்கறோம்” என்று அவன் கையைத் தொட்டாள்.

ரைபிள் பாறைமேல் ஏறியது. சிறுத்தை மெல்ல எழுந்து பக்கவாட்டில் திரும்பியது.

“எம்பது கஜம்” என்று கிசுகிசுத்தான் தீர்த்தகிரி. “காத்தும் நின்னிருச்சு.”

ஒரே வெடி. சிறுத்தை நின்ற இடத்திலேயே மடங்கி, தூங்குவது போலத் தலையைப் பாறையில் சாய்த்தது.

தீர்த்தகிரி கிட்டே போய்ப் பார்த்தான். மேல்துண்டை எடுத்து அதன் முகத்தை மூடினான். “துடிக்கவே இல்ல புள்ள” என்றபோது அவன் கண்கள் நிறைந்திருந்தன.

சத்தம் கேட்டு அடிவாரத்தில் காத்திருந்த ஊரே மேலே ஏறி வந்தது. மணியக்காரர் காளியப்பன் மாலை போட்டார். நாலு பேர் தீர்த்தகிரியைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

“எறக்கி உடுங்கப்பா! நான் ஒண்ணுமே பண்ணலீங்க” என்று அவன் கத்தினான்.

“பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!” என்றார் காளியப்பன். கண்ணாத்தாள் தண்ணீர்க் குடுவையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி பின்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்த்தகிரி கதவைச் சாத்திவிட்டு, கிண்ணத்தில் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மாலை கழுத்துல முள்ளாக் குத்துது கண்ணாத்தா. இந்தத் தடவையாச்சும் ஊருக்குச் சொல்லிரட்டுமா?”

“சொல்லிப்புட்டு? சண்டைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து வெடிச்சத்தம் கேட்டாக் கண்ணை இறுக்கி மூடிக்கிற மனுசனுக்கு லைசென்ஸ் எதுக்குன்னு துப்பாக்கியைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க. பேசாமத் தேயுங்க” என்று சொல்லி, ரைபிள் உதைத்துக் கன்றிப்போயிருந்த தன் வலது தோளை அவன் பக்கம் திருப்பினாள் கண்ணாத்தாள்.