வேப்பெண்ணெய்

வசுமதி நகம் கடிப்பதை நிறுத்தியே தீருவேன் என்று கணவன் தணிகாசலம் தினமும் அவள் பத்து விரல்களிலும் வேப்பெண்ணெய் தடவினான். அவன் கத்தும்போதுதான் அவள் கடிக்கிறாள் என்பது மட்டும் அவன் மண்டையில் ஏறவில்லை. நகம் கசந்ததும் முந்தானையைக் கடித்தாள், அதிலும் தடவினான். இன்று அவள் தன் தங்கையிடம் பேசினாள் என்று போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அவள் கழுத்து மஞ்சள் கயிற்றை இழுத்துப் பல்லில் வைத்தாள்.

"ஏய், தாலிடி அது! துப்புடி!"

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவன் முன் நீட்டினாள்.

"இதுலயும் தடவுங்க," என்றாள், கயிற்றை விடாமலே. "கட்டுன கைதானே, தடவுங்க."

அவன் விரல் கிண்ணத்துக்கு மேலேயே நின்றது. அவள் பல்லை இறுக்கினாள். முதல் இழை அறுந்தது.