தாரகைக்கு அடுத்த அமிலம்

ஜெபமணி மேடம் கரும்பலகையில் மும்மூன்று எழுத்தாகக் குறியீடு எழுதுவார். அதற்குரிய அமினோ அமிலமாக நிற்கும் மாணவர் வந்து முன்னவரின் கையைப் பிடிக்க வேண்டும். அந்தச் சங்கிலிதான் புரதம்.

தாரகையை அடுத்து ஜிஜிசி, அதாவது சகாயம். அவள் கையை அவன் பிடிப்பதைக் குமரகுருவால் தாங்க முடியாது. யாரும் பார்க்காதபோது கடைசி எழுத்தை ஏ ஆக்கிவிட்டு, எந்தக் குறியீட்டுக்கு யார் என்ற சுவர் அட்டவணையைப் பார்த்தான். அதற்கும் சகாயம்தான். முதல் எழுத்தையும் அழித்து யு போட்டான். எவன் வேண்டுமானாலும் வரட்டும்.

யாரும் வரவில்லை.

“இது நிறுத்தக் குறியீடு,” என்றார் மேடம். “தாரகையோட புரதம் முடிஞ்சுது. மிச்சம் நிக்கறவங்க தேவையில்ல, வெளிய போங்க.”

சகாயம் குமரகுருவின் கையைப் பிடித்துக்கொண்டான். “வா மச்சி, நமக்குக் குடுத்து வைக்கல.”

கேன்டீன் வரை கையை விடவில்லை.